சின்ன ஊரை சைக்கிள் ஊராக்க எங்கிருந்து தொடங்குவது?

வந்த கேள்வி இது: "எங்கள் ஊரில் ஒன்றரை லட்சம் பேர் இருப்போம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் பிள்ளைகளை சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நகராட்சியிடம் பேசலாம் என்றிருக்கிறோம். பெரிய பணம் எதுவும் வராது. எதைக் கேட்பது, எங்கே தொடங்குவது? மக்களாகக் கூடி இப்படிச் செய்த ஊர் ஏதாவது உண்டா?"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உண்டு. அதுவும் உங்கள் ஊரைவிடச் சின்ன ஊர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு மேற்கே சுமார் 24 கிலோமீட்டரில் இருக்கிறது டேவிஸ். மேடு பள்ளம் இல்லாத சமவெளி. 1960-ல் அங்கே 8,910 பேர்தான். 1970-ல் அது 23,488 ஆகிவிட்டது. 1959-ல் அங்கிருந்த வேளாண் கல்லூரியை முழுப் பல்கலைக்கழக வளாகமாக உயர்த்தியதுதான் காரணம். வளாகத்தின் தலைவராக இருந்த எமில் மிராக், மரமும் நிழலுமாக, சைக்கிளில் சுற்றிவரும்படி வளாகத்தை வரையுங்கள் என்று கட்டடக் கலைஞர்களிடம் சொல்லிவிட்டார். புதிதாகச் சேரும் மாணவர்களையும் சைக்கிளோடு வரச் சொன்னார்கள். மாணவர்கள் வந்தார்கள், சைக்கிள்கள் வந்தன, கூடவே கார்களும் பெருகின. வளாகத்துக்குள் நிம்மதியாகப் போகிற சைக்கிள், வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

ஃபிராங்க் சைல்ட் அங்கே பொருளாதாரப் பேராசிரியர். அவரும் மனைவி ஈவும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் பிள்ளைகளோடு சில காலம் இருந்துவிட்டு 1960களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருந்ததைப் பார்த்தவர்கள், இங்கே ஏன் கூடாது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதினார்கள். இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்தன. குழு அமைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், நகர்மன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மன்றம் மசியவில்லை.

இதற்கு அப்புறம் அவர்கள் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இன்னொரு மனு போடவில்லை. 1966 நகர்மன்றத் தேர்தல் வந்தபோது சைக்கிள் பாதையைத் தேர்தல் பிரச்சினையாக்கினார்கள். ஆதரவாக நின்ற வேட்பாளர்கள் ஜெயித்தார்கள், மன்றத்தின் போக்கே மாறியது. பொதுச் சாலையில் ஒரு பகுதியை சைக்கிளுக்கென்று ஒதுக்க மாநிலச் சட்டத்தில் அப்போது இடமில்லை. அதையும் திருத்த வைத்தார்கள். அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். 1967-ல் டேவிஸின் எட்டாவது தெருவில் கோடு போட்டார்கள். அமெரிக்கச் சாலைகளில் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பட்டைகள் அங்கிருந்துதான் தொடங்கின.

இன்னொன்றும் செய்தார்கள். எந்த மாதிரிப் பாதை நல்லது என்று யாருக்கும் தெரியாததால், வெவ்வேறு தெருவில் வெவ்வேறு விதமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் ஓடும் கார்களுக்கும் நிறுத்திய கார்களுக்கும் நடுவே பட்டை. இன்னொரு இடத்தில் நிறுத்திய கார்களுக்கும் நடைமேடைக்கும் நடுவே. வேறொரு இடத்தில் சாலையை விட்டு விலகிய தனிப்பாதை. சிகமோர் லேன் என்ற தெருவில் கான்கிரீட் தடுப்பு வைத்துப் பிரித்தார்கள். பல்கலைக்கழகத்தின் உளவியல்காரர்கள் தெருவில் நின்று கார்காரரும் சைக்கிள்காரரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக் குறித்தார்கள். நிறுத்திய கார்களுக்குப் பின்னால் மறைந்து வருகிற சைக்கிள், சந்திப்பில் திரும்பும் கார் ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை என்று தெரிந்தது. அந்த வகையைக் கைவிட்டார்கள். அதே பிரச்சினைக்கு நெதர்லாந்துக்காரர்கள் சந்திப்பின் மூலைகளில் சின்னத் திட்டு வைத்து விடை கண்டார்கள். டேவிஸும் 2015-ல் கோவெல் சாலையில் ஒரு சந்திப்பை அந்த மாதிரி மாற்றியது. சோதித்து, விட்டு, ஐம்பது வருடம் கழித்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நம் ஊரில் ஒப்பந்தம் முடிந்து கல்வெட்டும் திறந்துவிட்டால் அந்த வேலை சரியா தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியும் நாலு பிளாஸ்டிக் கூம்பும் வைத்து இரண்டு வாரம் சோதித்துப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

டேவிஸ் வளர வளர, புதிய மனைப்பிரிவு போடுகிறவர்களிடமே சைக்கிள் பாதையையும் பசுமைப் பட்டையையும் கேட்டு வாங்கினார்கள். 1970களில் எழுந்த வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில் கார் தெருக்கள் முட்டுச்சந்தாக முடியும், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் நடை, சைக்கிள் பாதைகள் மட்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். காரில் போனால் சுற்று, சைக்கிளில் போனால் நேர்வழி. பெரிய சாலைகளையும் ரயில் பாதையையும் கடக்க இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும் இன்று அங்கே இருக்கின்றன. ஊரின் சின்னமே பெரிய முன்சக்கரம் வைத்த பழங்கால சைக்கிள்தான்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 1980-க்கும் 2000-க்கும் இடையில் டேவிஸில் சைக்கிளில் வேலைக்குப் போவோரின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதைகள் அப்படியே இருந்தன, கூடவும் செய்தன. வீட்டு விலை ஏறியதால் உள்ளூரில் வேலை பார்ப்பவர்கள் வெளியூரில் குடியேறினார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இங்கே வந்தார்கள். ஊர் விரிந்ததில் தூரமும் கூடியது. மாணவர் சங்கம் 1968-ல் இரண்டு பழைய லண்டன் மாடி பஸ்களை வாங்கிவந்து தொடங்கிய பஸ் சேவை, பின்னால் மாணவர்கள் கட்டணத்தோடு சேர்த்தே பணம் கட்டிவிட, ஏறும்போது இலவசமானது. அது நல்ல விஷயம்தான், ஆனால் சைக்கிள்காரர்களில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரம்பத்தில் முட்டி மோதிய தலைமுறை ஓய்வுபெற்றபோது அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. 2005-ல் அமெரிக்க சைக்கிளோட்டிகள் அமைப்பு, சைக்கிளுக்கு உகந்த ஊர்களுக்குத் தரும் பிளாட்டினம் தகுதியை முதன்முதலில் டேவிஸுக்குக் கொடுத்தபோது ஊர் பழைய பெருமையில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு. ஊர் நடுவே போகும் ஐந்தாவது தெருவை நான்கு வழியிலிருந்து குறைத்து சைக்கிள் பட்டை சேர்க்க வருடக்கணக்காக வாதாடி 2014 வாக்கில்தான் முடித்தார்கள். சைக்கிள் ஊரிலேயே அந்த நிலைமை.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். டேவிஸில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக, படித்தவர்களாக, வாக்கு உள்ளவர்களாக இருந்தார்கள். நம் ஊரில் சைக்கிள்காரர்கள் உண்டு, குரல்தான் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போவோரில் நாடு முழுவதும் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போனார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பாதி வீடுகளில் சைக்கிள் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லாருக்கும் என்று விரித்த விலையில்லா சைக்கிள் திட்டத்தில், இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் சைக்கிள்கள் போகின்றன. சைக்கிள் கொடுக்கிறார்கள், அதை ஓட்ட ஓரத்தில் மூன்றடி கொடுப்பதில்லை. அதனால் உங்கள் குழுவின் வேலை சைக்கிளின் நன்மையை எடுத்துச் சொல்வதல்ல. விழிப்புணர்வுப் பேரணி, தலைக்கவசம் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் இதெல்லாம் போட்டோவுக்கு நல்லது. கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாருக்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் சைக்கிளின் நன்மையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வேலை எண்ணுவது. மூன்று இடம் போதும்: மேல்நிலைப் பள்ளி வாசல், மார்க்கெட் முனை, ஊருக்குள் நுழையும் பாலமோ ரயில்வே கேட்டோ. காலை ஏழரை முதல் ஒன்பதரை, மாலை நாலு முதல் ஆறரை. ஒரு நோட்டில் நாலு கட்டம்: பள்ளிப் பிள்ளை, வேலைக்குப் போகும் ஆண், பெண், கேரியரில் சரக்கு. எண்ணும்போதே இன்னொன்றையும் பாருங்கள். அவர்கள் எங்கே இறங்கித் தள்ளுகிறார்கள்? எங்கே எதிர்த்திசையில் வருகிறார்கள்? எதிர்த்திசையில் வருகிறவரைத் திட்டுவது சுலபம். நடுவே நீளமாக மீடியன் கட்டி, திரும்புவதற்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இடைவெளி விட்டால், பெடல் மிதிக்கிறவர் வேறு என்ன செய்வார்? அந்த இடத்தில் சைக்கிள் மட்டும் நுழையும் அளவுக்கு மீடியனில் ஒரு வெட்டு கேளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் மூன்று வருட விபத்து விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, இந்த எண்ணிக்கையோடு ஒரே வரைபடத்தில் குறித்தால், உங்கள் கையில் இருப்பது மனு அல்ல, ஆதாரம்.

சாலையின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்பது அடுத்தது. தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு, தார் முடிகிற இடத்தில் மண்ணுக்கு நாலைந்து அங்குலம் பள்ளம் விழுந்திருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்குவார். முன்சக்கரம் அந்த விளிம்பில் இறங்கும். மறுபடி ஏற முயலும்போது டயர் விளிம்போடு உரசிச் சறுக்கும், விழுவார், பஸ்ஸின் பக்கமாக விழுவார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். உங்கள் வார்டில் சாலை போடும் நாளன்று அந்தச் சுற்றறிக்கையின் நகலோடு போய் நின்றால், புதுத் திட்டம் எதுவும் இல்லாமலே ஒரு காரியம் நடக்கும். வடிகால் மூடியின் கம்பிகளும் அப்படித்தான். சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் இருந்தால் சக்கரம் நடுவில் இறங்கிவிடும். குறுக்குவாட்டில் திருப்பிப் போடச் செலவு ஒன்றுமில்லை.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் பாதிக் குழுக்கள் ஓய்ந்துபோகின்றன. ஊருக்குள் இருக்கும் பெரிய சாலை பெரும்பாலும் நகராட்சியுடையது அல்ல, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், சில ஊர்களில் தேசிய நெடுஞ்சாலை. நகராட்சி ஆணையர் நினைத்தாலும் அங்கே ஒரு வெள்ளைக் கோடு போட முடியாது. அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும். காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் அங்கே ஒரே மேசையில் இருப்பார்கள். உள்தெருக்கள், மார்க்கெட், பள்ளிச் சந்துகள் நகராட்சியின் கையில். ஆகவே தொடங்குவதை அங்கே தொடங்குங்கள். 2022 விதிகளுக்குப் பின் நகர்ப்புறங்களிலும் வார்டு குழு, பகுதி சபை இருக்கின்றன. கூட்டத்தில் குழாயும் சாக்கடையும் மட்டுமே பேசப்படும், பரவாயில்லை. சைக்கிளையும் சாக்கடை மூடியோடு சேர்த்தே பேசலாம்.

உள்தெருக்களில் என்ன செய்வது? இதற்கு டேவிஸைவிட நெதர்லாந்தின் குரோனிங்கன் நல்ல பாடம். 1977 செப்டம்பரில் அந்த ஊர் தன் நடு நகரத்தை நான்கு பகுதியாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடப்பவர், சைக்கிள், பஸ் மட்டும் நேரே போகலாம். பெரும்பாலும் ஒருவழிப் பலகைகளும் தடுப்புகளும்தான், பெரிய கட்டுமானம் இல்லை. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 2017-ல் அதே வழியில் போனது.

உங்கள் ஊரில் இதை நான்கு ரத வீதிகளிலோ பஜாரைச் சுற்றியோ யோசித்துப் பாருங்கள். குறுக்குவழிக்காகப் பஜாருக்குள் நுழையும் வண்டிகள் எத்தனை, கடைக்கென்று வருபவை எத்தனை? சந்தின் வாயில் இரண்டு இரும்புத் தூண் நட்டால் காரும் ஷேர் ஆட்டோவும் நுழையாது. சைக்கிள் நுழையும். டூவீலரும் நுழையும், அதையும் நிறுத்த ஊரில் இன்னும் மனசு வரவில்லை, முதலில் காரை நிறுத்துவோம். ஒருவழித் தெரு என்று பலகை வைக்கும்போது "சைக்கிள் தவிர" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சரக்கு இறக்கக் காலை பத்து மணி வரை திறந்துவிட வேண்டும். இதை வியாபாரிகள் சங்கத்திடம் நகராட்சிக்கு முன்னால் நீங்களே போய்ப் பேசுங்கள். பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட கடைக்காரர் எதிரியாகிவிடுவார். நான் போன ஒரு நகராட்சிக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் திட்ட அறிக்கையைப் பைண்ட் செய்து மேசையில் வைத்துவிட்டுத்தான் கருத்தே கேட்டார்கள். அதன் பிறகு கடைக்காரர்கள் சொன்ன ஒவ்வொன்றும் குறுக்கீடாகத்தான் பதிவானது.

பள்ளித் தெருவில் வேகம்தான் பிரச்சினை. 50 கிலோமீட்டரில் வருகிற வண்டி, ஓட்டுநர் பார்த்து பிரேக் போட்டு நிற்க, 30-ல் வருகிற வண்டியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் எடுக்கும். வேகத்தடை கேட்கலாம், ஆனால் அரையடி அகலத்தில் கூன்போல் எழுப்புகிறார்களே, அது வேண்டாம். கேரியரில் தங்கையை வைத்து வரும் பிள்ளைக்கு அதுதான் முதல் ஆபத்து. சாலை வேலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். டேப் கொண்டுபோய் அளந்து காட்டுங்கள்.

தனி சைக்கிள் பாதையை ஏன் இதுவரை சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். மெயின் ரோட்டில் பச்சைப் பெயின்ட் அடித்து ஒரு பட்டை விட்டால், அடுத்த வாரமே அது டூவீலர் ஸ்டாண்ட், அதற்கடுத்த வாரம் இளநீர்க் கடை. இளநீர்க்காரரைத் துரத்தச் சொல்லவில்லை, அவருக்கும் இடம் ஒதுக்கி வரையாத வரைபடம் நிற்காது என்கிறேன். தனிப்பாதை கேட்பதானால் இரண்டு சந்திப்புக்கு நடுவே ஒரு துண்டாகக் கேட்காதீர்கள். குடியிருப்பிலிருந்து பள்ளி வரை முழுதாகக் கேளுங்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006-07-ல் ஏறக்குறைய 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்து ஒரே மூச்சில் போட்டதால்தான் ஜனம் ஏறியது. உங்களுக்கு 80 வேண்டாம், இணைந்த மூன்று கிலோமீட்டர் போதும். ஆற்றங்கரை, கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம் இருந்தால் அங்கே பாருங்கள், குறுக்குச் சாலைகள் குறைவு.

புதிய மனைப்பிரிவுகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரின் அடுத்த இருபது வருடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நகருக்கும் பக்கத்து நகருக்கும் நடுவே சுற்றுச்சுவர் எழும்பி, கண்ணுக்கெதிரே தெரியும் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு திறந்தவெளிக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்தை எல்லை ஓரமாக, பக்கத்து மனையோடு இணையும்படி ஒதுக்கி, சுவரில் ஆறடி வழி விடச் சொல்லி, அனுமதி கொடுப்பதற்கு முன்னால் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். டேவிஸ் செய்ததில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான்.

பெண்களைக் குழுவுக்குள் கொண்டுவருவது பற்றி ஒன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே வசதியாகவும் இருந்தது, முன்னாலிருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. அந்த இயக்கம் ஆளைத் தயார் செய்தது. சாலை அவர்களுக்காகத் தயாராகவில்லை. அந்தப் பெண்களின் மகள்கள் இன்று ஸ்கூட்டியில் போகிறார்கள் என்றால் வசதி மட்டும் காரணமல்ல. ஆகவே உங்கள் பத்துப் பதினைந்து பேரில் பாதிப் பேராவது தினமும் மிதிக்கிறவர்களாக இருக்கட்டும். கூட்டத்தைச் சனிக்கிழமை காலை நகர்மன்ற அரங்கில் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், கூலி போய்விடும். மாலை ஏழு மணிக்குப் பள்ளி வராந்தாவிலோ பஞ்சர் கடை வாசலிலோ வையுங்கள். ஊரில் எந்த இடத்தில் முள்ளும் கண்ணாடியும் கிடக்கிறது, எந்தப் பள்ளத்தில் ரிம் கோணுகிறது என்று பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது.

பணத்துக்கு, மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. பள்ளியிலும் பேருந்து நிலையத்திலும் நிழலுள்ள, பூட்ட வசதியுள்ள சைக்கிள் நிறுத்தம் போன்ற சின்ன வேலைக்கு அதைக் கேட்டுப் பாருங்கள். நகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள் முடிந்துவிடும் என்பதால், எண்ணிக்கையும் வரைபடமும் டிசம்பருக்குள் கவுன்சிலர் கையில் இருக்க வேண்டும். ஒரே பக்கம், மூன்றே வேலை, ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறை என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம் அடுத்த நகர்மன்றத் தேர்தலில் உங்கள் வார்டில் நிற்கும் எல்லா வேட்பாளரிடமும் அதே பக்கத்தை நீட்டிக் கையெழுத்து கேளுங்கள், போடாதவர் பெயரையும் சேர்த்து ஊரில் சொல்லுங்கள்.